கரியமில வாயுவை மின்சாரத்தால் ஒடுக்கும் உலோக வினையூக்கிகள்: சென்னை ஆய்வகங்களுக்கான கேள்வி பதில்

முதுநிலைத் திட்டப்பணிக்காகவோ முனைவர் பட்டத்துக்காகவோ இந்தத் துறைக்குள் வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பாதிக்கு மேல் அளவீடு பற்றியவை. புது வினையூக்கி செய்வது எளிது. அதிலிருந்து வந்த பொருள் உண்மையிலேயே கரியமில வாயுவிலிருந்துதான் வந்தது, இவ்வளவுதான் வந்தது என்று காட்டுவதில்தான் ஆறு மாதம் போகிறது. சென்னையின் வெப்பமும் ஈரமும் அந்தக் கணக்கில் எங்கெல்லாம் குறுக்கே வருகின்றன என்பதையும் ஆங்காங்கே சொல்லியிருக்கிறோம்.

எந்த உலோகம் எந்தப் பொருளைத் தரும்?

இதற்கான அடிப்படை வரைபடத்தைத் தந்தவர் ஜப்பானின் சிபா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய யோஷியோ ஹோரி. 1985-இல் செம்பு மின்முனையில் மீத்தேனும், அடுத்த ஆண்டு எத்திலீனும் உருவாவதை அவர் குழு காட்டியது. 1994-இல் பல உலோகங்களை ஒரே நிலைமைகளில் ஒப்பிட்டு வெளியிட்டது. அந்தப் பிரிவினை இன்றும் நிற்கிறது. வெள்ளீயம், ஈயம், இண்டியம், பிஸ்மத், காட்மியம் ஆகியவை ஃபார்மேட் (ஃபார்மிக் அமிலத்தின் அயனி) தரும். தங்கம், வெள்ளி, துத்தநாகம் கார்பன் மோனாக்சைடு தரும். இரும்பு, நிக்கல், பிளாட்டினம் போன்றவற்றில் தண்ணீர் ஒடுங்கி ஹைட்ரஜன்தான் வரும். செம்பு மட்டும் தனி வரிசை: மீத்தேன், எத்திலீன், எத்தனால் எல்லாம் அதில் வரும்.

எலக்ட்ரான் எண்ணிக்கையை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள், கணக்கில் அடிக்கடி வரும். கார்பன் மோனாக்சைடுக்கும் ஃபார்மேட்டுக்கும் 2, மெத்தனாலுக்கு 6, மீத்தேனுக்கு 8, எத்திலீனுக்கும் எத்தனாலுக்கும் 12.

செம்புக்கு மட்டும் ஏன் இந்தக் குணம்?

கார்பன் மோனாக்சைடு இடைநிலையை அது பிடித்திருக்கும் இறுக்கம்தான் காரணம். தங்கமும் வெள்ளியும் அதை லேசாகப் பிடிக்கின்றன, அதனால் உருவானதும் கழன்று போய்விடும். பிளாட்டினமும் நிக்கலும் மிக இறுக்கமாகப் பிடிக்கின்றன, அதனால் பரப்பு அடைத்துக்கொண்டு ஹைட்ரஜன் மட்டும் வெளியேறுகிறது. செம்பு இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மூலக்கூறுகள் காத்திருக்கும் அளவுக்கு நேரம் கிடைப்பதால் கார்பன்–கார்பன் பிணைப்பு உருவாகிறது. படிகத்தின் எந்த முகம் வெளியே இருக்கிறது என்பதும் முக்கியம்: 100 என்று குறிக்கப்படும் முகம் எத்திலீனுக்கும், 111 முகம் மீத்தேனுக்கும் சாதகம்.

முதல் சோதனைக்கு எதை எடுக்கலாம்?

வெள்ளித் தகடு. எல்லோரும் செம்பிலிருந்து தொடங்கவே ஆசைப்படுகிறார்கள். ஆனால் செம்பில் பத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் வரும், எது தவறு என்றே தெரியாது. வெள்ளியில் கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் இரண்டும்தான் முக்கியமாக வரும். 0.1 மோலார் பொட்டாசியம் பைகார்பனேட்டில், மீள் ஹைட்ரஜன் மின்முனை அளவுகோலில் (பி.எச்.-ஐயும் கணக்கில் சேர்க்கும் மின்னழுத்த அளவுகோல், கீழே விளக்கியிருக்கிறோம்) −1.1 வோல்ட் அருகே சுத்தமான வெள்ளித் தகடு 90 சதவீத ஃபாரடே திறனைத் தொடும், அதாவது செலுத்திய மின்னூட்டத்தில் அவ்வளவு பங்கு கார்பன் மோனாக்சைடை உருவாக்கவே செலவாகும். உங்கள் கலத்தில் அது 50 சதவீதத்தில் நின்றால் கோளாறு கலத்திலோ கரைசலிலோ அளவீட்டிலோ இருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் புது வினையூக்கி பக்கம் போக வேண்டாம்.

மின்பகுளியை எப்படித் தயாரிப்பது?

ஒரு லிட்டருக்கு 10.01 கிராம் பொட்டாசியம் பைகார்பனேட். தண்ணீர் 18.2 மெகாஓம் சென்டிமீட்டர் தடைத்திறன் உள்ளதாக இருக்க வேண்டும். சென்னையில் பல ஆய்வகங்களுக்கு வரும் தண்ணீர் ஒரு வாரம் மெட்ரோ வாட்டர், மறு வாரம் லாரி, கோடையில் போர்வெல் என்று மாறிக்கொண்டே இருக்கும். உப்பு கூடிய தண்ணீர் வந்தால் சுத்திகரிப்புக் கருவியின் அயனிப் பரிமாற்றக் குடுவை எதிர்பார்த்ததற்கு முன்பே தீர்ந்துபோகும். எனவே ஒவ்வொரு முறை பிடிக்கும்போதும் திரையில் காட்டும் தடைத்திறனைக் குறித்து வையுங்கள்.

உப்பிலேயே இரும்பு, துத்தநாகம், ஈயம் போன்றவை மிகச் சிறிய அளவில் இருக்கும். பத்து லட்சத்தில் ஒரு பங்குக்குக் கீழே இருந்தாலும் அவை எதிர்மின்முனையில் படிந்து, செம்பை அரை மணி, ஒரு மணி நேரத்தில் ஹைட்ரஜன் மின்முனையாக்கிவிடும். "முதல் இருபது நிமிடம் எத்திலீன் நன்றாக வந்தது, பிறகு குறைந்துகொண்டே போகிறது" என்று யாராவது சொன்னால் முதல் சந்தேகம் இதன் மேல்தான். இதற்கு இரண்டு வழிகள் உண்டு. கரைசலை, உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் செலெக்ஸ் பிசினில் இரவு முழுக்கக் கலக்கி வடிகட்டலாம். அல்லது வேறொரு மின்முனையைப் போட்டுச் சிறிய மின்னோட்டத்தில் பல மணி நேரம் ஓட்டி அசுத்தத்தை அதில் படியவைத்து, அந்த மின்முனையை எடுத்துவிடலாம்.

பிறகு நிமிடத்துக்கு 20 மில்லிலிட்டர் வீதம் கரியமில வாயுவை 30 நிமிடம் செலுத்துங்கள். பி.எச். 6.8-இல் வந்து நிற்க வேண்டும். 7.5-க்கு மேலேயே நின்றால் வாயு சரியாகக் கரையவில்லை, பெரும்பாலும் ஏதோ ஒரு இணைப்பு கசிகிறது.

ஏ.சி. இல்லாத அறையில் செய்யலாமா?

செய்யலாம், ஆனால் கலத்துக்கு நீர் உறை போட்டு 25 டிகிரியில் நிறுத்துங்கள். 25 டிகிரியில் ஒரு வளிமண்டல அழுத்தத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 34 மில்லிமோல் கரியமில வாயு கரையும். 32 டிகிரியில் அது சுமார் 28 ஆகக் குறைகிறது. வினைக்குத் தேவையான மூலப்பொருள் ஆறில் ஒரு பங்கு குறைந்துவிட்டது, தண்ணீர் குறையவில்லை. அந்த இடத்தை ஹைட்ரஜன் எடுத்துக்கொள்ளும். மாலை ஆறு மணிக்கு மைய ஏ.சி. நிறுத்தப்படும் கட்டடங்களில் இரவுச் சோதனை ஏன் பகல் சோதனையோடு ஒத்துப்போவதில்லை என்பதற்கு இது பல நேரம் போதுமான விளக்கம்.

சிலிண்டர் அழுத்தமானி இரண்டு மாதமாக அசையவே இல்லை, திடீரென்று காலியாகிவிட்டது. ஏன்?

கரியமில வாயு சிலிண்டரில் பெரும்பகுதி திரவமாக இருக்கிறது. திரவம் ஒரு சொட்டு மிச்சம் இருக்கும்வரை அழுத்தம் வெப்பநிலையை மட்டுமே பொறுத்தது. 20 டிகிரியில் சுமார் 57 பார். அளவு பாதியாகக் குறைந்தாலும் முள் அங்கேயே நிற்கும்.

சென்னையில் இதற்கு மேல் ஒன்று இருக்கிறது. கரியமில வாயுவின் நிலைமாறு வெப்பநிலை 31 டிகிரி. மே மாதம் வெளி வராந்தாவில் கட்டிவைத்த சிலிண்டருக்குள் திரவம், வாயு என்ற பிரிவே இருக்காது. முழுவதும் நிரப்பிய சிலிண்டரில் அழுத்தம் 74 பாரைத் தாண்டி வேகமாக ஏறும். நிழலில் வையுங்கள், சங்கிலியால் கட்டுங்கள். மிச்சம் எவ்வளவு என்று அறிய எடை போட்டுப் பாருங்கள். காலி எடை சிலிண்டரின் தோளில் பொறித்திருக்கும்.

வாயுவின் தரமும் கவனிக்க வேண்டியது. சோடா நிரப்பும் வாயுவில் ஆக்சிஜனும் கந்தகச் சேர்மங்களும் சிறிதளவு இருக்கலாம். கந்தகம் உலோகப் பரப்பை மாற்றிவிடும், வாயுக்களைப் பிரித்து அளக்கும் ஜி.சி. (வாயு நிறப்பிரிகைக் கருவி) உள்ளே கார்பன் மோனாக்சைடை மீத்தேனாக மாற்றும் மீத்தேனாக்கியின் நிக்கலையும் நஞ்சாக்கும். 99.999 சதவீதத் தூய்மை வாங்குங்கள்.

மின்னழுத்தத்தை எந்த அளவுகோலில் சொல்வது?

மீள் ஹைட்ரஜன் மின்முனை அளவுகோலில். நிறைவுற்ற பொட்டாசியம் குளோரைடு கொண்ட வெள்ளி–வெள்ளி குளோரைடு மின்முனையில் படித்த எண்ணோடு 0.197-ஐயும், பி.எச்.-ஐ 0.059-ஆல் பெருக்கிய எண்ணையும் கூட்டுங்கள். பி.எச். 6.8 என்றால் மொத்தம் 0.598 வோல்ட் கூட்ட வேண்டும். கருவியில் −1.60 என்றால் உண்மையில் −1.00. இங்கே வாயு செலுத்துவதற்கு முன் அளந்த பி.எச்.-ஐப் போடுகிறவர்கள் உண்டு. பைகார்பனேட்டின் பி.எச். வாயு இல்லாமல் 8.3 பக்கம் இருக்கும். அதைப் போட்டால் எல்லா எண்களும் கிட்டத்தட்ட 90 மில்லிவோல்ட் தள்ளிப்போகும், உங்கள் வினையூக்கி இருப்பதைவிடச் சிறந்ததாகத் தெரியும்.

கரைசல் தடையையும் கழிக்க வேண்டும். மின்மறுப்பு அளவீட்டில் உயர் அதிர்வெண்ணில் 20 ஓம் கிடைத்து, மின்னோட்டம் 5 மில்லி ஆம்பியர் என்றால் 0.1 வோல்ட் கரைசலிலேயே போகிறது. கருவியில் 85 சதவீதத்தை ஈடுசெய்து, மிச்சத்தைக் கணக்கில் கழிப்பது பாதுகாப்பான வழக்கம். முழுவதையும் கருவியிலேயே ஈடுசெய்யப் போனால் மின்னழுத்தம் அலைபாயத் தொடங்கும்.

வினையூக்கி மை கட்டிகட்டியாகிறது. என்ன அளவில் கலப்பது?

10 மில்லிகிராம் தூள், 950 மைக்ரோலிட்டர் ஐசோபுரப்பனாலும் தண்ணீரும் கலந்த கரைப்பான், தூளை ஒட்டவைக்கும் பாலிமரான நாஃபியானின் 5 சதவீதக் கரைசல் 50 மைக்ரோலிட்டர். 30 நிமிடம் மீயொலித் தொட்டியில் வையுங்கள். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1 மில்லிகிராம் வேண்டுமென்றால் 100 மைக்ரோலிட்டரை நான்கு ஐந்து தடவையாகத் துளித்துளியாக இட்டு, ஒவ்வொரு தடவையும் காயவிடுங்கள். ஒரே தடவையில் ஊற்றினால் ஓரத்தில் தடித்த வளையமாக ஒதுங்கி நடுவில் வெறும் கார்பன் தாள் தெரியும்.

கட்டிபடுவதற்குக் காரணம் பெரும்பாலும் சூடு. நம் ஊர்க் குழாய்த் தண்ணீரே 30 டிகிரிக்கு மேல் இருக்கிறது, அரை மணி நேர அதிர்வில் அது 45-ஐத் தாண்டிவிடும். நுண்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், கரைப்பானும் ஆவியாகிச் செறிவு மாறும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தொட்டியில் ஐஸ் போடுங்கள். எடை போடுவதிலும் கவனம் வேண்டும்: ஈரம் உறிஞ்சும் கார்பன் ஆதாரத் தூளை மழைக்கால மதியத்தில் திறந்துவைத்து எடை போட்டால் தராசின் எண் கண்ணெதிரே ஏறும். வெற்றிட அடுப்பில் உலர்த்தி, உலர்த்திக் குடுவையிலிருந்து எடுத்தவுடன் போடுங்கள்.

பிஸ்மத் நைட்ரேட்டைத் தண்ணீரில் போட்டதும் பால் போலத் திரிந்துவிட்டது.

நீராற்பகுப்பால் பிஸ்மத் ஆக்சிநைட்ரேட் வெண்மையாகப் படிந்துவிட்டது. அதை வடிகட்டிவிட்டு மிச்சத்தைப் பயன்படுத்தினால் செறிவு என்னவென்றே தெரியாது. முதலில் அமிலம், பிறகு உப்பு. 100 மில்லிலிட்டர் 1 மோலார் நைட்ரிக் அமிலத்தில் 0.97 கிராம் ஐந்நீரேற்று உப்பைக் கரைத்தால் 20 மில்லிமோலார் தெளிந்த கரைசல் கிடைக்கும். கார்பன் தாளில் படியவைக்க இது போதும். செம்புத் தகட்டை இந்தக் கரைசலில் இறக்காதீர்கள், நைட்ரிக் அமிலம் செம்பைக் கரைத்துக்கொண்டே இருக்கும்.

படியவைத்த பிஸ்மத் காற்றில் ஆக்சைடாக மாறும். சோதனை தொடங்கியதும் முதல் சில நிமிட மின்னோட்டம் அந்த ஆக்சைடை ஒடுக்கவே செலவாகும். அந்த நேரத்து மின்னூட்டத்தை ஃபார்மேட் கணக்கில் சேர்த்தால் திறன் குறைவாகத் தெரியும்.

செம்புத் தகட்டை எப்படித் தயார்செய்வது?

சிலிக்கன் கார்பைடு தாளில் 400, 1200, 2000 என்று வரிசையாகத் தேய்த்துக் கழுவுங்கள். 85 சதவீத பாஸ்பாரிக் அமிலத்தில், எதிரே இன்னொரு செம்புத் தகடு அல்லது கிராஃபைட்டை வைத்து, உங்கள் தகட்டை நேர்மின்முனையாக்கி 2 வோல்ட்டில் ஐந்து நிமிடம். மின்னோட்டம் முதலில் இறங்கிப் பிறகு நிலையாக நிற்க வேண்டும். தகட்டை ஒட்டி நீல நிறத்தில் பாகு போல ஒரு அடுக்கு வழிவதைப் பார்க்கலாம், மெருகு நடப்பதற்கு அதுதான் அடையாளம். அந்த நேரத்தில் கரைசலைக் கலக்கிவிட்டால் அடுக்கு கலைந்து குழிகள் விழும். எடுத்ததும் நிறையத் தண்ணீரில் அலசி, நைட்ரஜன் வாயுவால் ஊதி, உடனே கலத்தில் இறக்குங்கள். கடற்கரை ஈரக்காற்றில் மதியச் சாப்பாடு வரை விட்டுவைத்த தகடும் அப்போதே இறக்கிய தகடும் ஒன்றல்ல.

தகட்டின் தூய்மை 99.999 சதவீதம் இருப்பது நல்லது. பாரிமுனையில் வாங்கும் வணிகச் செம்பைக் கருவிச் சோதனைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பிளாட்டினக் கம்பியைத் துணை மின்முனையாக (வினையூக்கிக்கு எதிரே நேர்மின்முனையாக நிற்பது) வைக்கலாமா?

சவ்வு இல்லாத ஒற்றை அறைக் கலத்தில் வேண்டாம். பிளாட்டினம் நேர்மின்முனையில் மிகச் சிறிதளவு கரைந்து, உங்கள் வினையூக்கியின் மேல் வந்து படியும். ஹைட்ரஜனுக்கு அதைவிடச் சிறந்த வினையூக்கி கிடையாது. ஒவ்வொரு நாளும் ஹைட்ரஜன் ஏறிக்கொண்டே போகும். சவ்வு வைத்தால் ஆபத்து குறைகிறது, அறவே நீங்குவதில்லை. நீண்ட சோதனைகளுக்கு இரிடியம் ஆக்சைடு பூசிய டைட்டேனியம் வலை நல்லது. சோதனை முடிந்த மின்முனையின் பரப்பை எக்ஸ்-கதிர் ஒளிமின்னணு நிறமாலையில் பிளாட்டினத்துக்காகப் பாருங்கள்.

ஒப்பீட்டு மின்முனையிலிருந்தும் வெள்ளி அயனிகள் கசியும். பீங்கான் முனை வெடித்த பழைய மின்முனையால் வெள்ளி படிந்து கார்பன் மோனாக்சைடு வந்தால் அதை உங்கள் வினையூக்கியின் சாதனையாக எழுதிவிடக் கூடாது. இரட்டை இணைப்புள்ள மின்முனை வாங்குங்கள்.

ஃபாரடே திறனைக் கணக்கிட்டுக் காட்ட முடியுமா?

கலத்திலிருந்து வெளியேறும் வாயு நிமிடத்துக்கு 20 மில்லிலிட்டர், 25 டிகிரி, ஒரு வளிமண்டலம். ஜி.சி. கார்பன் மோனாக்சைடு 1000 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 1000 பங்கு) காட்டுகிறது. மொத்த மின்னோட்டம் 3.0 மில்லி ஆம்பியர்.

20 மில்லிலிட்டர் வாயு 25 டிகிரியில் 0.818 மில்லிமோல். அதை 60-ஆல் வகுத்தால் வினாடிக்கு 13.6 மைக்ரோமோல். அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு 13.6 நானோமோல். மூலக்கூறுக்கு 2 எலக்ட்ரான், ஃபாரடே மாறிலி 96485. பெருக்கினால் 2.63 மில்லி ஆம்பியர். 3.0-ஆல் வகுத்தால் 88 சதவீதம்.

இப்போது இதே சோதனையை 32 டிகிரி அறையில், சோப்புக் குமிழ் அளவியால் ஓட்டம் அளந்து செய்கிறீர்கள் என்று வையுங்கள். குமிழ் அளவியும் 20 என்றே காட்டுகிறது. ஆனால் சூட்டில் வாயு விரிந்திருப்பதால் மோல் எண்ணிக்கை 2.3 சதவீதம் குறைவு. ஜி.சி.க்கு முன் உலர்த்திக் குழாய் வைத்திருந்தால் ஜி.சி. காட்டுவது உலர்ந்த வாயுவின் செறிவு. குமிழ் அளவி காட்டுவதோ நீராவியும் சேர்ந்த ஓட்டம். 32 டிகிரியில் நீராவியின் பங்கு 4.7 சதவீதம். இரண்டையும் திருத்தினால் 88 என்பது 82 ஆகிறது. கட்டுரையில் இரண்டு வினையூக்கிகளை வரிசைப்படுத்த இந்த ஆறு புள்ளி போதும்.

ஓட்டத்தைக் கலத்துக்குப் பின்னால் அளப்பதும் அவசியம். கரைசல் காரமாக ஆக ஆக வாயுவின் ஒரு பகுதி உறிஞ்சப்படும், உள்ளே போன ஓட்டமும் வெளியே வருவதும் ஒன்றாக இருக்காது. குழாய்களுக்கு சிலிக்கோன் வேண்டாம், கரியமில வாயு அதன் சுவரையே ஊடுருவிப் போகும். பி.டி.எஃப்.இ. (டெஃப்லான்) அல்லது துருப்பிடிக்காத எஃகு போடுங்கள்.

மொத்தத் திறன் 70 சதவீதம்தான் வருகிறது. வேறொரு நாள் 115. எதை நம்புவது?

இரண்டையும் நம்ப வேண்டாம். 95-க்கும் 105-க்கும் இடையில் வராத சோதனையை ஆராய்ந்து முடிக்காமல் வரைபடத்தில் சேர்க்காதீர்கள்.

குறைவாக வந்தால் முதலில் திரவப் பொருள்களைத் தேடுங்கள். ஃபார்மேட் அயனி எதிர்மின்சுமை கொண்டது, எதிரயனிப் பரிமாற்றச் சவ்வு அதை நேர்மின்முனைப் பக்கம் அனுப்பிவிடும். அங்கே ஆக்சிஜனேற்றம் அடைந்து மறைந்தும் போகலாம். இரண்டு அறைகளின் கரைசலையும் சோதியுங்கள். அடுத்தது கசிவு. ஜி.சி.யில் நைட்ரஜன் உச்சி தெரிந்தால் காற்று உள்ளே வருகிறது, வந்த ஆக்சிஜன் மின்முனையில் ஒடுங்கி மின்னோட்டத்தைத் தின்னும். ஹைட்ரஜன் மட்டும் குறைவாகத் தெரிந்தால் ஜி.சி.யின் சுமப்பு வாயுவைப் பாருங்கள். வெப்பக் கடத்து உணரியில் ஹீலியத்தை வைத்து ஹைட்ரஜனை அளப்பது சரிவராது, இரண்டின் கடத்துத் திறனும் நெருக்கம். ஆர்கான் வேண்டும்.

100-க்கு மேல் போனால் ஓட்ட அளவு, அளவுத்திருத்த வாயு, எந்த நிமிடத்து மின்னோட்டத்தை எடுத்தீர்கள் என்பது, இந்த மூன்றில் ஒன்று. ஜி.சி.யின் மூலக்கூறு சல்லடைத் தூண் கரியமில வாயுவை உறிஞ்சி உறிஞ்சி மெல்ல மெல்லத் திறன் இழக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். உச்சிகள் வழக்கமான நேரத்துக்கு முன்பே வரத் தொடங்கினால் தூணை இரவு முழுக்கச் சூடேற்றிப் புதுப்பிக்க வேண்டும்.

என்.எம்.ஆரில் (அணுக்கரு காந்த ஒத்ததிர்வு நிறமாலை) எத்தனால் தெரிகிறது. கொண்டாடலாமா?

மையில் ஐசோபுரப்பனால் போட்டீர்களா என்று முதலில் பாருங்கள். தண்ணீரில் எத்தனாலின் மெத்தில் 1.17 பி.பி.எம். பக்கத்தில் மும்மைக் கோடாக வரும். ஐசோபுரப்பனாலின் மெத்தில் அதே இடத்தில் இரட்டைக் கோடாக வரும். சமிக்ஞை சிறியதாக இருந்தால் இரண்டையும் பிரிப்பது கடினம். 2.2-இல் ஒற்றைக் கோடு தெரிந்தால் அது கண்ணாடிக் குடுவை கழுவிய அசிட்டோன். மின்சாரமே செலுத்தாமல் மின்முனையை ஒரு மணி நேரம் கரைசலில் வைத்து, அந்தக் கரைசலையும் ஒரு தடவை எடுத்துப் பாருங்கள்.

ஃபார்மேட் 8.3 அல்லது 8.4-இல் தனியாக நிற்கும், குழப்பம் இல்லை. ஆனால் அதன் தளர்வு நேரம் நீளம். ஸ்கேன்களுக்கு இடையே போதிய இடைவெளி விடாவிட்டால் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும்.

பொருளின் கார்பன் கரியமில வாயுவிலிருந்துதான் வந்தது என்று எப்படி நிரூபிப்பது?

வினையூக்கியின் ஈந்தணைவி (உலோகத்தோடு பிணைந்த கரிம மூலக்கூறு), கார்பன் ஆதாரம், நாஃபியான், விரல் அழுக்கு எல்லாமே கார்பன்தான். மைக்ரோமோல் அளவில் வேலை செய்யும்போது இவற்றில் எதுவும் பொருளாக வேடமிடும். ஆகவே மூன்று ஒப்புச் சோதனைகள் கட்டாயம்: கரியமில வாயுவுக்குப் பதில் ஆர்கான் செலுத்தி அதே மின்னழுத்தம்; கரியமில வாயு உண்டு, ஆனால் மின்னழுத்தம் இல்லை; வினையூக்கி இல்லாத வெறும் கார்பன் தாள். ஆர்கான் சோதனையில் பைகார்பனேட்டே கொஞ்சம் கரியமில வாயுவை விடுவிக்கும் என்பதால் சிறிதளவு பொருள் தெரியலாம். அதனால்தான் கடைசித் தீர்ப்பு கார்பன்-13 சோதனையிடம் போகிறது. கார்பன்-13 கரியமில வாயுவோடு பைகார்பனேட்டும் கார்பன்-13 ஆக இருந்தால் விடை தெளிவாக இருக்கும். ஃபார்மேட்டின் ஒற்றைக் கோடு சுமார் 195 ஹெர்ட்ஸ் இடைவெளியுள்ள இரட்டையாகப் பிளந்தால் முடிந்தது. நடுவில் ஒற்றைக் கோடும் நின்றுகொண்டிருந்தால் அந்தப் பங்கு வேறெங்கிருந்தோ வந்தது.

கார்பன்-13 வாயு விலை அதிகம், உண்மைதான். சிறிய கலத்தில், வாயுவை மூடிய சுற்றில் விட்டு, ஒரே ஒரு மின்னழுத்தத்தில் செய்தால் போதும்.

ஒற்றை அணு வினையூக்கி (உலோகம் துகளாகச் சேராமல் தனித்தனி அணுக்களாக நிற்பது) செய்தேன். எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவில் உலோகக் கோடுகள் இல்லை. போதுமா?

போதாது. இரண்டு மூன்று நானோமீட்டர் துகள்களும் அதில் தெரியாமல் தப்பிவிடும். நிக்கல்–நைட்ரஜன்–கார்பன் பொருளை ஆர்கானில் 900 டிகிரியில் சுட்டால் நிக்கல் துகள்கள் கூடவே உருவாவது சகஜம், அவை ஹைட்ரஜனைத் தரும். அமிலத்தில் ஊறவைத்துக் கழுவி, கழுவும் முன்னும் பின்னும் ஹைட்ரஜன் பங்கை ஒப்பிடுங்கள். அணுப் பகுப்புள்ள மின்னணு நுண்ணோக்கியும் எக்ஸ்-கதிர் உட்கவர் நிறமாலையும் சேர்ந்தே பேச வேண்டும். இரண்டாவதற்கு இந்தூரில் உள்ள இந்தஸ்-2 சின்க்ரோட்ரானில் நேரம் கேட்டு விண்ணப்பிக்கலாம்.

எச் வடிவக் கலத்திலிருந்து பாய்வுக் கலத்துக்கு எப்போது மாறுவது?

எச் கலத்தில் (இரண்டு அறைகளைச் சவ்வு பிரிக்கும் கலம்) கரைந்த வாயு மட்டுமே மின்முனைக்கு வந்து சேருகிறது. ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சில பத்து மில்லி ஆம்பியருக்கு மேல் அது தாங்காது. வாயு ஊடுருவும் மின்முனையில் வாயு நேராக வினையூக்கியின் முதுகுப் பக்கம் வருவதால் 200-ஐயும் தாண்டலாம். வெள்ளித் தகட்டிலும் பிறகு உங்கள் வினையூக்கியிலும் மூன்று முறை ஒரே விடை வந்த பிறகு மாறுங்கள்.

அங்கே வரும் தொல்லைகள் வேறு. வெள்ளப்பெருக்கு முதலாவது: கார்பன் அடுக்கின் நீர்விலக்கும் தன்மை மின்னழுத்தத்தில் மெல்லக் குறைந்து, துளைகளில் கரைசல் ஏறிவிடும். வாயு வெளியேறும் குழாயில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் தெரிந்தால் அதுதான், அதே நேரத்தில் ஹைட்ரஜனும் ஏறும். முழுவதும் பி.டி.எஃப்.இ. ஆன ஆதாரத்தில் வினையூக்கியைப் பூசினால் நீண்ட நேரம் தாங்கும். இரண்டாவது உப்பு. பொட்டாசியம் கார்பனேட்டும் பைகார்பனேட்டும் வாயுத் தடத்தில் வெண்படிகமாக வளர்ந்து, கடைசியில் வாயுவையே அடைத்துவிடும். வாயுவை ஈரப்படுத்தி அனுப்புவதும், நேர்மின்முனைக் கரைசலை நீர்க்கச் செய்வதும், இடையிடையே சுத்த நீரால் தடத்தை அலசுவதும் உதவும்.

மூன்றாவது தொல்லையை எந்த உலோகமும் தீர்க்காது. வினையில் உருவாகும் ஹைட்ராக்சைடு, உள்ளே வரும் கரியமில வாயுவையே கார்பனேட்டாக்கி நேர்மின்முனைப் பக்கம் கொண்டுபோகிறது. எதிரயனிச் சவ்வு வைத்த நடுநிலைக் கலத்தில் கார்பன் மோனாக்சைடு தயாரித்தால், செலுத்திய வாயுவில் அதிகபட்சம் பாதிதான் பொருளாகும். எத்திலீன் என்றால் கால் பங்கு. இதைத் தாண்ட அமிலக் கரைசல் அல்லது இருமுனைச் சவ்வு தேவை.

நடுராத்திரி கரண்ட் போய் வந்தது. நிலைப்புத்தன்மைச் சோதனையைத் தொடரலாமா?

தொடரலாம், ஆனால் வரைபடத்தில் அந்த இடைவெளியைக் காட்டுங்கள். மின்னழுத்தம் நின்றதும் செம்புப் பரப்பு ஆக்சைடாகி, மீண்டும் வந்ததும் புதிதாக ஒடுங்குகிறது. அது பரப்பைப் புதுப்பித்துவிட்டது போன்ற தோற்றத்தைத் தரும், உண்மையான தேய்மானம் மறைந்துபோகும். மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் மின்நிலைக் கருவிக்கு மட்டும் யு.பி.எஸ். வைத்துப் பயனில்லை. வாயுக் கட்டுப்படுத்தி நின்று, திரவப் பம்பு ஓடிக்கொண்டிருந்தால் வாயு மின்முனை சில நிமிடங்களில் மூழ்கிவிடும். எல்லாம் ஒரே யு.பி.எஸ்.ஸில் இருக்கட்டும்.

கார்பன் மோனாக்சைடுக்கு என்ன பாதுகாப்பு?

நிறமும் மணமும் இல்லாத நஞ்சு. எட்டு மணி நேரப் பணிக்கு 25 பி.பி.எம். என்ற வரம்பைப் பின்பற்றுங்கள். 1200 பி.பி.எம். உயிருக்கு உடனடி ஆபத்து. அளவுத்திருத்த சிலிண்டரும் கலத்தின் வெளியேறு குழாயும் புகைக்கூண்டுக்குள்தான் இருக்க வேண்டும். ரிச்சி தெருவில் கிடைக்கும் எம்.க்யூ-7 வகை மலிவு உணரிகள் ஹைட்ரஜனுக்கும் குரல் கொடுக்கும். நம் கலத்திலிருந்து இரண்டும் வருவதால் ஒரு வாரத்தில் அதன் ஒலியை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். மின்வேதி உணரி உள்ள எச்சரிக்கைக் கருவியை மூச்சுவிடும் உயரத்தில் மாட்டுங்கள்.

வட சென்னை அனல்மின் நிலையப் புகையை இதனால் பொருளாக்கிவிட முடியுமா?

வினையூக்கி செய்கிறவர்கள் கட்டாயம் போட வேண்டிய கணக்கு இது. ஒரு கிலோ கார்பன் மோனாக்சைடுக்கு 1914 ஆம்பியர்-மணி தேவை. கலம் 3 வோல்ட், திறன் 90 சதவீதம் என்றால் 6.4 யூனிட் மின்சாரம். அந்த ஒரு கிலோ 1.57 கிலோ கரியமில வாயுவை எடுத்துக்கொள்கிறது. இந்திய மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாகச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. 6.4 யூனிட்டுக்கு 4.5 கிலோ. எடுத்ததைப் போல கிட்டத்தட்ட மூன்று மடங்கு வெளியே விடுகிறோம். யூனிட்டுக்கு 0.25 கிலோவுக்குக் கீழே உள்ள மின்சாரத்தில்தான் கணக்கு நேராகத் தொடங்கும். புகையிலிருந்து வாயுவைப் பிரிக்கும் செலவு இதில் சேரவில்லை. புகையில் உள்ள கந்தக டை ஆக்சைடும் ஆக்சிஜனும் வினையூக்கிக்கு என்ன செய்யும் என்பதும் தனிக் கேள்வி.

ஆகவே முப்பந்தல் காற்றாலைகளும் கமுதி சூரிய மின் நிலையமும் தரும் மின்சாரத்தோடுதான் இந்தத் தொழில்நுட்பத்துக்கு எதிர்காலம். அந்த மின்சாரம் மேகத்துக்கும் காற்றுக்கும் தக்கபடி ஏறி இறங்கும். நிலையான மின்னழுத்தத்தில் 100 மணி நேரம் தாங்கிய வினையூக்கி, நாளுக்கு ஐந்து முறை நின்று நின்று ஓடினால் என்ன ஆகிறது என்று சோதித்துப் பாருங்கள். பிஸ்மத்தும் செம்பும் நிற்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கரைந்து, வேறொரு வடிவில் திரும்பப் படிகின்றன. பத்து சுற்றுக்கு ஒருமுறை கரைசலில் எடுத்த மாதிரியில் உலோக அயனியின் அளவையும் சேர்த்துப் பதியுங்கள்.